முன் வைத்த காலைப் பின் வைக்கலாம்

"முன் வைத்த காலைப் பின் வைக்கக் கூடாது" என்று ஒரு பழமொழி உண்டு. களத்தில் வேல் பிடித்து நிற்கிறவனுக்குச் சொன்ன வார்த்தை அது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விமானம் ஏறுவதற்கு முன்னால் மனசு கலங்கி நிற்கிற நர்ஸ் பிள்ளைகளின் தலையில் அதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள் நம் பெரியவர்கள். கையெழுத்துப் போட்டாயிற்றாம், இனிமேல் போய்த்தான் ஆக வேண்டுமாம், போகாவிட்டால் குடும்பத்துக்கே தலைகுனிவாம்.

இந்தப் பேச்சு தவறு. தவறு மட்டுமல்ல, நம் பாட்டன் பூட்டன் தோளிலிருந்து பெரும்பாடு பட்டு இறக்கிய ஒரு சுமையை மறுபடியும் நம் பேத்திகளின் தோளில் ஏற்றுகிற வேலை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: நான் காரைக்காலில் பிறந்தவன். 1954-இல் கொடி மாறியது, ஆனால் எங்கள் பள்ளியில் பாஷை உடனே மாறவில்லை, அதனால் பிரெஞ்சு வழியில் படித்தேன். பிறகு அரசாங்கத்தில் குமாஸ்தா. டெண்டர், ஒப்பந்தம், முன்வைப்புத் தொகை, அபராதம் என்று கோப்புக் கட்டியே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரியின் ஊரான மயிலாடும்பாறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஆகவே ஒப்பந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பக்கத்தில் இன்று நர்சிங் படிக்காத பிள்ளை இருக்கிற தெருவைப் பார்ப்பது அபூர்வம். ஆண்டிபட்டியிலும் தேனியிலும் மதுரையிலும் படிக்கிறார்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் போய் நின்றால் இரண்டு பேராவது நம் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். படித்து முடித்து மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நின்றால், கையில் வருவது சாப்பாட்டுக்கும் ஹாஸ்டலுக்குமே சரியாகப் போகிறது. அப்புறம் சவூதி, குவைத், இங்கிலாந்து, ஜெர்மனி என்று பேச்சு வருகிறது. வரத்தான் செய்யும். போன பிள்ளைகள் கட்டிய மாடி வீடுகள் நம் கண்ணெதிரே நிற்கின்றன. "போகாதே" என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை.

நான் சொல்வது கையெழுத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில மாதங்களைப் பற்றி.

எங்கள் சொந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரியின் அண்ணன் பேத்தி, பி.எஸ்சி. நர்சிங், மதுரையில் ஐ.சி.யூ. அனுபவம். ஒரு ஏஜென்சி மூலம் சவூதிக்குத் தேர்வானாள். முதலில் வந்த கடிதத்தில் ஐ.சி.யூ. வேலை, மாதம் 4,200 ரியால், தங்குமிடம் இலவசம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள். டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, புரோமெட்ரிக் தேர்வு எல்லாம் தன் காசிலேயே முடித்தாள். ஏஜென்சிக்கு 60,000 ரூபாய் கட்டினாள். சான்றிதழ்களின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து விசா சமயத்தில் இன்னொரு தாள் வந்தது. அதில் சம்பளம் 3,300 ரியால். வேலை "நிர்வாகம் ஒதுக்கும் எந்தப் பிரிவிலும், தேவைப்பட்டால் நோயாளியின் வீட்டிலும்." இரண்டு வருஷத்துக்கு முன் வந்தாலோ, இப்போது போகாமல் நின்றாலோ 2 லட்சம் அபராதம். டிக்கெட்டுக்கு முன்னால் இன்னும் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும்.

அந்த ஒன்றரை லட்சத்துக்கு அவள் அப்பா இலவந்தோப்பை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டார். பிள்ளை மட்டும் தயங்கினாள். உடனே கூடிவிட்டது பஞ்சாயத்து. "மாமா, கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே பின்வாங்குனா நம்மள யாரு மதிப்பா?" என்று மருமகன் என்னிடம் கேட்டார். அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "தாத்தா, நான் சவூதிக்குப் போக மாட்டேன்னு சொல்லல. இந்தத் தாளுக்குப் போக மாட்டேன்னுதான் சொல்றேன்."

அந்தக் கூட்டத்தில் பெரியவர்கள் மூன்று வாதம் வைத்தார்கள். எந்த ஊரிலும் இந்த மூன்றையேதான் வைப்பார்கள் என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம், வாக்கு. கொடுத்த வாக்கை மீறலாமா?

ஒப்பந்தம் வேறு, சத்தியம் வேறு. கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சொல்வது சத்தியம். ஒப்பந்தத் தாளில் "செய்யாவிட்டால் என்ன" என்பதும் சேர்த்தே எழுதியிருக்கும். நான் இருந்த அலுவலகத்தில் எத்தனையோ ஒப்பந்தக்காரர்கள் டெண்டர் எடுத்துவிட்டு, ஜல்லி விலை ஏறியதும் "கட்டுப்படியாகாது" என்று கடிதம் கொடுத்துவிட்டு, முன்வைப்புத் தொகையை இழந்து நடையைக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த டெண்டருக்கு வெள்ளை வேட்டியோடு வருவார்கள். அதிகாரி எழுந்து நின்று வரவேற்பார். அவர்களைப் பார்த்து யாரும் "வாக்கு மாறியவன்" என்று சொன்னதில்லை. கணக்குத் தெரிந்தவன் என்றுதான் சொன்னார்கள். சிமெண்ட் மூட்டைக்குக் கொடுக்கிற இந்தச் சலுகையை இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்க நமக்கு ஏன் கை வரவில்லை?

இன்னொன்று. முதலில் காட்டிய தாளில் 4,200, பிறகு நீட்டிய தாளில் 3,300. வாக்கு மாறியது யார்? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பொய்யான தகவலைச் சொல்லி வாங்கிய சம்மதத்தை, கொடுத்தவர் ரத்து செய்துகொள்ளலாம்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது பெரிய இடத்தில் எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். 2015-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கை. இரண்டு வருஷம் ஓடியது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அடுத்து கொரோனா வந்தது. அவசரத்துக்கு எடுக்கப்பட்ட நர்சுகள் முழுக் கவசம் போட்டுக்கொண்டு வியர்வையில் நனைந்து வேலை செய்தார்கள். அவர்களில் 2,400-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது. தாளில் தேதி போட்டிருந்தது, தேதி வந்தது, முடிந்தது என்றார்கள். சட்டப்படி அதில் குற்றம் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நம் ஊர் டீக்கடையில் "முன் வைத்த காலைப் பின் வைக்கலாமா" என்று யாராவது கேட்டோமா?

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது. பதின்மூன்று வாரம் ஓர் ஊர், அடுத்த பதின்மூன்று வாரம் இன்னோர் ஊர் என்று ஒப்பந்தத்தில் போவார்கள். கொரோனா நாளில் அவர்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அலை ஓய்ந்ததும், ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதே சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று 2022-இல் அங்கே ஏஜென்சிகள் மேல் வழக்குகள் போடப்பட்டன. வீட்டைக் காலி செய்துவிட்டு ஆயிரம் மைல் வந்து இறங்கியவளிடம் "இஷ்டம் இருந்தால் குறைந்த சம்பளத்துக்கு இரு, இல்லாவிட்டால் போ" என்றார்களாம். ஆக, கனத்த பக்கத்துக்கு ஒப்பந்தம் வெறும் வியாபாரம். இளைத்த பக்கத்துக்கு மட்டும் அது மானம், வாக்கு, சத்தியம். இந்தத் தராசைத்தான் நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன்.

இரண்டாவது வாதம், காசு. கட்டிய 60,000 போய்விடுமே, 2 லட்சம் அபராதம் கேட்பார்களே?

கணக்கை ஒழுங்காகப் போடுவோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, ஆள் எடுக்கும் செலவும் இகாமா என்கிற குடியிருப்பு அனுமதிச் செலவும் முதலாளி தலையில் என்று சொல்கிறது. அப்படியானால் 60,000 எதற்கு? இன்னும் ஒன்றரை லட்சம் எதற்கு? 2015-இல் கொச்சியிலிருந்து குவைத்துக்கு நர்சுகளை அனுப்பிய விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். வாங்க அனுமதித்தது 19,500 ரூபாய், வாங்கியது ஒருவரிடம் சுமார் 19.5 லட்சம் என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் "கட்டிய காசு போய்விடுமே" என்று யோசித்துத்தான் அடுத்த தவணையையும் கட்டியிருப்பார்கள்.

2 லட்சம் அபராதம் என்று எழுதிவிட்டால் 2 லட்சமும் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும், தாளில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. எழுதியது அத்தனையும் வெறும் மிரட்டல் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பிலும் பேச்சு பணத்தைப் பற்றித்தான். அந்த அதிகாரி பணத்தைக் கட்டினார், வேலையை விட்டார், வேறு வங்கிக்குப் போனார். "திரும்பி வந்து உட்கார்ந்து வேலை செய்" என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சொல்லவும் சொல்லாது.

ஏஜென்சி உண்மையாகவே நமக்காகச் செலவு செய்திருந்தால், அதாவது மொழிப் பயிற்சி கொடுத்திருந்தால், டிக்கெட் எடுத்திருந்தால், ரசீது காட்டினால், அதைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. இங்கிலாந்து அரசு தன் ஆள்சேர்ப்பு நடத்தை விதிகளை 2022-இல் திருத்தியபோது, வேலையை விடுகிற வெளிநாட்டு நர்சிடம் திரும்பக் கேட்கும் தொகை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. முன்கூட்டியே தெளிவாகச் சொன்னதாக இருக்க வேண்டும், உண்மைச் செலவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், நாள் ஆக ஆகக் குறைய வேண்டும். ரொம்ப நியாயமான பேச்சு. நம் ஏஜென்சித் தாளில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மானத்தைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. நோயாளி. ஒருத்தி வராவிட்டால் அங்கே படுக்கையில் இருப்பவனை யார் பார்ப்பது?

இதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். நர்ஸ் வேலை கடை கல்லா வேலை இல்லை. ஆனால் நியூயார்க்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2006-இல் லாங் ஐலண்டில், சுவாசக் கருவியில் இருக்கும் குழந்தைகள் உட்பட நீண்ட நாள் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு விடுதியில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த 10 நர்சுகள் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தார்கள். சொன்னபடி சம்பளமும் வேலை நிலைமையும் இல்லை என்பது அவர்கள் புகார். 2007-இல் அவர்கள் மேலும் ஆலோசனை சொன்ன வக்கீல் மேலும் கிரிமினல் வழக்கே போட்டுவிட்டார்கள், நோயாளிகளை ஆபத்தில் தள்ளினார்கள் என்று. 2009 ஜனவரியில் மேல் நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்தியது. அந்த நர்சுகள் தங்கள் ஷிப்டை முடித்துவிட்டுத்தான் போனார்கள், எந்தக் குழந்தையும் கவனிப்பில்லாமல் விடப்படவில்லை, வேலையை விட்டதற்காக ஒருவரைத் தண்டிப்பது அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்துக்கே விரோதம் என்றது. பத்து வருஷம் கழித்து 2019-இல், அதே குழுமத்தின் மேல் நர்சுகள் போட்ட இன்னொரு வழக்கில், வேலையை விட்டால் 25,000 டாலர் என்ற நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆட்கடத்தலைத் தடுக்கும் சட்டத்தையே அது மீறுகிறது என்றார் நீதிபதி.

ஆக, படுக்கையில் நோயாளியை வைத்துக்கொண்டு நடு ஷிப்டில் நடப்பது ஒன்று. இன்னும் விமானமே ஏறாத ஒருத்தி மூன்று வாரம் முன்னதாக "வரவில்லை, வேறு ஆளைப் பாருங்கள்" என்று கடிதம் கொடுப்பது வேறு. இரண்டாவதில் எந்த நோயாளிக்கும் ஒன்றும் ஆகாது. தான் பார்க்கத் தெரியாத பிரிவில், கடன் கவலையோடு, தூக்கமில்லாமல் ஒருத்தி நிற்பதுதான் நோயாளிக்கு ஆபத்து.

இனி முதலில் சொன்ன சுமைக்கு வருகிறேன்.

முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போவது இந்த நாட்டில் ஒரு காலத்தில் குற்றம். 1859-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டம் அதற்காகவே போட்டது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போவான். பணத்தைத் திருப்பு, இல்லாவிட்டால் வேலையைச் செய் என்று உத்தரவு வரும். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். தோட்டத் துரைமார்களுக்கு இந்தச் சட்டம் கைத்தடி மாதிரி. அறுபத்தாறு வருஷம் கழித்து, 1925-இல்தான் அதை நீக்கினார்கள்.

கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் "துண்டு" என்று ஒரு முறை இருந்தது. ஒரு தோட்டத்துக் கூலி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதுத் துரை அந்தக் கடனைக் கட்டுவான், கடன் அவன் கணக்குக்கு மாறும், கூலியும் கூடவே மாறுவான். ஆளை விற்றார்கள் என்று சொல்லவில்லை, கடனை மாற்றினார்கள் என்றார்கள். 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

எங்கள் காரைக்காலிலும் இதே கதை. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 1780-ஆவது விதி, ஒருவர் தன் உழைப்பை ஒரு காலவரைக்கோ ஒரு குறிப்பிட்ட வேலைக்கோ மட்டும்தான் ஒப்புக்கொடுக்க முடியும் என்கிறது. ஆயுளுக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அடிமைத்தனம் கூடாது என்பதற்காக எழுதிய விதி. அந்தச் சட்டம் அமலில் இருந்த அதே ஊர்த் துறைமுகத்திலிருந்துதான் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். ஐந்து வருஷம் என்று காலவரை போட்டிருந்ததால் விதிக்குப் பொருத்தம். நடுவில் வெளியே வரக் கதவு மட்டும் இல்லை. முக்கால்வாசிப் பேர் திரும்பவே இல்லை என்று ஊரில் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்ட பையன்களை நம் உசிலம்பட்டி, தேனிப் பக்கத்திலிருந்தே எத்தனை முறை மீட்டு வந்திருக்கிறார்கள்! கொத்தடிமை முறையை 1976-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் "அட்வான்ஸ் வாங்கியாச்சே, கணக்கு முடிக்காமல் எப்படி வருவது" என்று சொல்லி அந்தப் பையன்களைப் பெற்றவர்களே திருப்பி அனுப்பியதும் உண்டு. போலீஸ் வேண்டாம், மாஜிஸ்திரேட் வேண்டாம், 1859 சட்டம் வேண்டாம். வீட்டுப் பெரியவர் வாயே போதும். இதைத்தான் சொல்ல வந்தேன். சட்டம் அவிழ்த்துவிட்ட கயிற்றை நாம் "மானம்" என்ற பெயரில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கடன் எவ்வளவு இறுக்கமான கயிறு என்பதற்கு 2014-இல் ஈராக்கின் திக்ரித் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். ஊரையே ஆயுதக் கும்பல் பிடித்துவிட்டது. வெளியே குண்டு வெடிக்கிறது. அந்த நாட்களில் ஈராக்கில் இருந்த நம் நர்சுகளில் சிலர், திரும்பி வந்தால் கடனை எப்படி அடைப்பது என்று தயங்கியதாகப் பத்திரிகைகளில் வந்தது. கடைசியில் 46 பேர் ஜூலை 5-ஆம் தேதி கொச்சியில் வந்து இறங்கினார்கள். 45 பேர் கேரளம், ஒரு பெண் நம் தூத்துக்குடி. குண்டுக்குப் பயப்படாதவர்களும் வட்டிக்குப் பயப்படுகிறார்கள் என்றால், அந்தக் கடனைத் தலையில் ஏற்றும்போது நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்.

பின்வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. கடைசி நாளில் போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வதை நான் ஆதரிக்கவில்லை. நாலு ஏஜென்சியில் கையெழுத்துப் போட்டு வைத்து, எது வாய்க்கிறதோ அதில் போய், மற்ற மூன்றுக்கும் பதிலே சொல்லாமல் இருப்பது அடுத்து வருகிற பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கும். போவதில்லை என்று முடிவு செய்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எழுத்தில், காரணத்தோடு சொல்ல வேண்டும். நாள் ஆக ஆக அவர்கள் செலவும் கூடும், நம் பொறுப்பும் கூடும். முக்கியமாக, விமானம் ஏறிய பிறகு இந்தக் கதவு மிகவும் ஒடுங்கிவிடும். வளைகுடாவில் வேலையை விட்டு வெளியே போனால் "ஓடிப்போனவள்" என்று முதலாளி புகார் கொடுக்க முடியும், அப்புறம் ஊர் திரும்புவதே பெரும்பாடு. பின் வைக்க வேண்டிய கால் என்றால் அதை இங்கே, நம் மண்ணில் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும்.

எங்கள் பேத்தி அப்படித்தான் செய்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது மாறியிருக்கிறது என்று நம்பர் போட்டு எழுதினோம். முதல் தாளின்படி என்றால் வரத் தயார், இரண்டாவது தாளை ஏற்கவில்லை, பதினைந்து நாளில் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரவும், கட்டிய தொகையில் சட்டப்படியான கட்டணம் போக மீதியைத் தரவும், உங்கள் செலவுக்கு ரசீது இருந்தால் அனுப்பவும். அவ்வளவுதான். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போயிற்று, ஒரு நகல் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு. முதலில் போனில் மிரட்டினார்கள். "எழுத்தில் அனுப்புங்கள்" என்று அவள் சொன்னாள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. ஐந்து வாரம் கழித்துச் சான்றிதழ்கள் வந்தன. பணத்தில் 20,000 வந்தது, மீதி வரவில்லை. 2 லட்சத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நாற்பதாயிரம் நஷ்டம்தான். இலவந்தோப்பு மட்டும் தப்பியது. அவள் இப்போது மதுரையிலேயே வேலை பார்த்துக்கொண்டு, அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து வைத்திருக்கிறாள். 2015-லிருந்து சவூதி, குவைத் போன்ற பதினெட்டு நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இந்த மாதிரி அரசு நிறுவனங்கள் வழியாகப் போக வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு வழக்கு வரலாம், சிலருக்குச் சான்றிதழ் வர ஆறு மாதம் ஆகலாம். தாள் சரியாக இருந்து, வெறும் வீட்டு ஞாபகத்தால் கால் பின்னுகிறது என்றால், தைரியம் சொல்லி அனுப்பி வைப்பதுதான் பெரியவர்கள் வேலை. அந்தப் பயத்துக்கும் இந்தத் தயக்கத்துக்கும் வித்தியாசம் பிள்ளையிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தெரிந்துவிடும்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து, சான்றிதழ் படித்த பிள்ளையின் சொத்து. இரண்டையும் எந்த ஏஜென்ட் மேஜை டிராயரிலும் விட்டுவைக்காதீர்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். தோப்பையோ தாலிக்கொடியையோ அடகு வைக்கும் முன், அந்தத் தாளை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டு முடித்த பிறகும் பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் பழமொழியை மட்டும் எடுக்காதீர்கள்.